இரண்டு அறை, இரட்டை லாபம்

முப்பதாவது கல்யாண நாளை லாபத்தில் கொண்டாடுவது என்று முடிவு செய்தேன்.

ஊரில் எல்லாரும் கல்யாண நாளை நஷ்டத்தில்தான் கொண்டாடுகிறார்கள். பூ, கேக், நகை, கடைசியில் "இதையா வாங்கிட்டு வந்தே?" என்று ஒரு பார்வை. அது எனக்கு ஒத்துவராது. நான் ஹார்லன் டிப்டன். பார்ஸ்டோவில் ஏ.சி. ரிப்பேர் செய்கிறேன். பார்ஸ்டோ பாலைவனத்தின் நடுவில் இருப்பதால் தொழிலுக்குக் குறைவில்லை. குறை எல்லாம் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அது ஒரு படகு.

ஆமாம், படகுதான். பதினெட்டு அடி. மோட்டார் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மலிவாக வந்தது, விடலாமா? வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து கார் கொட்டகை நிழலில் படகு நிற்கிறது, என் மனைவி ரோண்டாவின் கார் வெயிலில் நிற்கிறது. ஜூலை மாதத்தில் அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்க அவன் கையுறையை மாட்டிக்கொண்டு போவாள். அதாவது கேக் சுடும் அவன். "படகுக்கு நிழல், பொண்டாட்டிக்கு வெயில்" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. ஒரு மோட்டார் மட்டும் வாங்கிவிட்டால் படகு தண்ணீருக்குப் போகும், வீட்டில் சத்தம் அடங்கும் என்று நானும் சொல்லாத நாள் இல்லை.

இப்போது லாபத்துக்கு வருகிறேன். சிலர் காலையில் எழுந்ததும் பைபிள் படிப்பார்கள். நான் கிரெடிட் கார்டு சலுகைகளைப் படிப்பேன். இன்டர்நெட்டில் எங்களுக்கென்று ஒரு குழு உண்டு. எந்தக் கார்டில் எந்த ஓட்டலுக்கு எவ்வளவு திரும்ப வரும், ரிசார்ட் கட்டணத்தை எப்படித் தள்ளுபடி செய்ய வைப்பது, கேசினோவில் சூதாடாமலே ஓசியில் குடிப்பது எப்படி என்றெல்லாம் அங்கே பேசிக்கொள்வோம். 'நெவாடா நரி' என்ற பெயரில் எழுதும் ஒருவர்தான் எங்களுக்கு குரு. அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவர் வாக்கை யாரும் மீறியதும் இல்லை.

ஒரு நாள் காலை என் கார்டில் ஒரு சலுகை வந்திருந்தது. லாஸ் வேகாஸில் சில்வர் பெலிக்கன் என்று ஒரு கேசினோ ஓட்டல். அங்கே முந்நூறு டாலர் செலவு செய்தால் நூற்றைம்பது டாலர் கார்டுக்குத் திரும்ப வரும். ரோண்டாவின் கார்டைப் பார்த்தேன். அதிலும் அதே சலுகை! ரோண்டா நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். கடையை ஆரம்பித்தது கல்யாணத்துக்கு முன்னால் என்பதால் அவளுடைய கார்டு இன்றுவரை ரோண்டா கல்பெப்பர் என்ற பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ரோண்டா, கல்யாண நாளுக்கு வேகாஸ் போறோம். ரெண்டு ரூம் போடறேன்."

"கூட யாரு வர்றா?"

"யாரும் இல்ல. உன் கார்டுல ஒரு ரூம், என் கார்டுல ஒரு ரூம்."

"இருக்கிறது ரெண்டு பேரு. ஒரு ரூம் போதாதா?"

"ஒரு ரூம் போட்டா நூத்தம்பது மிச்சம். ரெண்டு போட்டா முந்நூறு மிச்சம்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த நாய் முடியை எடுத்துப் போட்டாள்.

"ஒரு ரூம் போட்டா நம்ம கையிலேருந்து எவ்வளவு போகும்?"

"நூத்தம்பது."

"ரெண்டு போட்டா?"

"முந்நூறு."

"அப்போ நூத்தம்பது ஜாஸ்தியால்ல போகுது?"

"நீ போறதைப் பாக்குறே ரோண்டா. நான் வர்றதைப் பாக்குறேன். உனக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்."

"அப்படின்னா மூணு ரூம் போட்டா இன்னும் லாபமாச்சே?"

"அறிவோட பேசு. நம்மகிட்ட கார்டு ரெண்டுதானே இருக்கு?"

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முரட்டு நாய் ஒன்று மேஜைமேல் ஏற மறுத்தால் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"ஒரே ஒரு சிக்கல்தான்" என்றேன். "வீட்டுக்கு ஒரு சலுகைதானாம். ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு ஓட்டல்காரனுக்குத் தெரிஞ்சா ரெண்டும் ரத்தாயிடும். நரி எழுதியிருக்காரு. அதனால அங்க இருக்கிற வரைக்கும் நாம யாரோ எவரோ."

"கல்யாண நாளைக்கு?"

"மூணு பகல், ரெண்டு ராத்திரிதானே?"

"முப்பதாவது கல்யாண நாளைக்கு நீ யாரோ, நான் எவளோ."

"லாபத்துக்காகத்தானே ரோண்டா!"

அவள் சத்தம் போடவில்லை. அதிலேயே நான் உஷாராகி இருக்க வேண்டும். ரோண்டா கத்தினால் பிரச்சினை இல்லை. பாத்திரம் உருளும், முடிந்துவிடும். அமைதியானால்தான் ஆபத்து.

"சரி, வரேன்" என்றாள். "ஆனா ஒரு பந்தயம். பெட்ரோல், சாப்பாடு, ரூம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு நானூறு டாலருக்குள்ள முடிஞ்சுதுன்னா நீ மோட்டார் வாங்கிக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன். நானூறைத் தாண்டிச்சுன்னா படகு வாசலை விட்டுப் போகணும்."

அறைகளுக்கு முந்நூறு. பெட்ரோலுக்கு நாற்பது. சாப்பாட்டுக்கு ஐஸ் பெட்டி நிறைய ஹாம் சாண்ட்விச் வீட்டிலிருந்தே வருகிறது. அறுபது டாலர் சும்மா இருக்கும். ஜெயித்த மாதிரிதான்.

"கையைக் குடு" என்றேன்.

கொடுத்தாள். விடவில்லை. "யாரோ எவரோன்னா கடைசி வரைக்கும் யாரோ எவரோதான். பாதியில மாத்தப்படாது."

"மாத்த மாட்டேன்."

"சத்தியமா?"

"படகு மேல சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நெவாடா எல்லைப் பலகையைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். வாந்தி வருகிறதோ என்று நிறுத்தினேன். அவள் இறங்கி, கதவைச் சாத்தி, பின்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"என்ன ரோண்டா?"

"ஓட்டலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் டிரைவர்?"

"இங்கேருந்தே எதுக்கு? ஓட்டல் போய் ஆரம்பிச்சாப் போதும்."

"தெரியாத ஆம்பளை பக்கத்துல உக்காந்து எனக்குப் பழக்கம் இல்லைங்க. ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டறீங்களா?"

கூட்டினேன். தொழில் அது.

ஓட்டலில் முதலில் நான் போய் சாவி வாங்கினேன். வரவேற்பில் மரிசெல் என்று ஒரு பெண். சுறுசுறுப்பானவள், சிரித்த முகம். எனக்கு நாலாவது மாடியில் அறை கொடுத்தாள். நான் சாவியோடு போய் ஒரு பிளாஸ்டிக் பனைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ரோண்டா எதையாவது உளறிவிடுவாளோ என்ற கவலை.

"தனியாவா வந்திருக்கீங்க மேடம்?" என்று கேட்டாள் மரிசெல்.

"ஆமாம்மா. வீட்டுக்காரர் போயிட்டாரு."

"ஐயோ! எப்போ?"

"இப்பத்தான்."

மரிசெல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம். என்ன ஆச்சு?"

"ஒரு படகுதாம்மா காரணம்" என்றாள் ரோண்டா. அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. அடக்கிய சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. மரிசெலுக்கு அது அழுகை. இரண்டு நிமிஷம் கம்ப்யூட்டரைத் தட்டி, இருபத்திரண்டாவது மாடியில் மூலை அறை, பெரிய தொட்டிக் குளியலறை, இரண்டு பக்கமும் ஜன்னல், எல்லாம் அதே வாடகைக்குக் கொடுத்துவிட்டாள். என் அறையின் ஜன்னலைத் திறந்தால் ஓட்டலின் ராட்சத ஏ.சி. இயந்திரம் தெரிந்தது. ஒரு பெல்ட் தேய்ந்து கிரீச்சிட்டது. விடுமுறைக்கு வந்த மாதிரியே இல்லை.

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டாவது மாடிக்குப் போனேன். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"ஹார்லன்!"

"ஹார்லன்னு எனக்கு யாரையும் தெரியாதே. ஓட்டல் ஆளா?"

"விளையாடாதே ரோண்டா. சாண்ட்விச் கொண்டு வந்திருக்கேன்."

"நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே."

"இங்க யாரும் இல்ல. சும்மா கதவைத் திற."

"இன்னொரு தடவை தட்டினீங்கன்னா செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன். தனியா இருக்கிற பொம்பளைன்னு நினைச்சு வம்பு பண்றீங்களா?"

எதிர் அறைக் கதவு திறந்தது. தலையெல்லாம் முடி சுருட்டும் உருளை மாட்டிய ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். முதலில் என் முகத்தை, அப்புறம் ஐஸ் பெட்டியை. "ரூம் மாறிப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். அன்று நான்கு சாண்ட்விச்சைத் தனியாகச் சாப்பிட்டேன். நாலாவதைக் கோபத்தில் சாப்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, கல்யாண நாள். காலையில் நீச்சல் குளத்துக்கு மூன்று தடவை போனேன். நீந்துவதற்காக இல்லை. குளத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ரிசார்ட் கட்டணம் உண்டு. கட்டின காசுக்குத் துண்டாவது நனைய வேண்டாமா? குளத்தின் மறுகரையில் ரோண்டா கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாய்ந்திருந்தாள். கையை ஆட்டினேன். அவள் தலைக்கு மேலே பறந்த ஏதோ ஒரு பறவையைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு பார் பக்கம் போனேன். அங்கே ஒரு வித்தை உண்டு. பார் மேஜையிலேயே சூதாட்டப் பெட்டி பதித்திருப்பார்கள். அதில் ஒரு டாலரைப் போட்டுவிட்டு, ஆடுகிற மாதிரி விரலை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பீர் ஓசியில் வரும். ஒரு டாலரில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த வீரர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். நான் டாலரைப் போட்டு விரலை வைத்தேன். மூன்று நாற்காலி தள்ளி ரோண்டா உட்கார்ந்திருந்தாள். நீல கவுன். தலையை வாரி மேலே ஏற்றியிருந்தாள். எனக்கு விரல் வழுக்கி, முழு டாலரும் ஒரே ஆட்டத்தில் போய்விட்டது.

பீர் ஊற்றுகிறவன் டெஸ்மண்ட் என்று ஓர் இளகிய மனசுக்காரன். துடைத்த தம்ளரையே துடைத்துக்கொண்டு ரோண்டாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படிப்பட்டவரு மேடம் உங்க வீட்டுக்காரரு?"

"நல்ல மனுஷன்தாம்பா. குடி கிடையாது, சீட்டு கிடையாது. செலவு பண்ற பழக்கமும் கிடையாது."

"எப்படிப் போனாரு?"

"பஃபேக்குப் போயிருந்தோம். காலைச் சாப்பாட்டு விலையைக் கட்டிட்டு உள்ள போய், மத்தியானச் சாப்பாடு வர்ற வரைக்கும் நகரவே மாட்டேன்னு உக்காந்துட்டாரு. இறால் வந்துச்சு. அஞ்சாவது தட்டுல..." என்று நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

நேற்று என்னைக் கொன்றது படகு. இன்று இறால். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அஞ்சு தட்டு இருக்காது" என்றேன். "மூணுதான் இருக்கும்."

டெஸ்மண்ட் திரும்பினான். "உங்களுக்கு அவரைத் தெரியுமா சார்?"

"தெரியாது" என்றேன்.

அப்போதுதான் அந்தத் தொப்பிக்காரர் வந்தார். அமரில்லோவிலிருந்து வந்த மாட்டுத்தீவன வியாபாரி. ஆறரை அடி உயரம், வெள்ளைத் தொப்பி, சாப்பாட்டுத் தட்டு அளவில் பெல்ட் பக்கிள். தொப்பியைக் கழற்றி ரோண்டாவுக்கு வணக்கம் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க அம்மணி. நீங்க பேசினது காதுல விழுந்துச்சு. எனக்கும் வீட்டுல இப்போ யாரும் இல்ல. மேல்மாடி ஸ்டேக் ஹவுஸ்ல டேபிள் சொல்லியிருக்கேன். தனியாச் சாப்பிட்டா தொண்டையில இறங்க மாட்டேங்குது. நீங்க வந்தா சந்தோஷப்படுவேன்."

ரோண்டா கையிலிருந்த தம்ளரைச் சுற்றினாள்.

"இன்னிக்கு என் கல்யாண நாளுங்க" என்றாள். "இப்படி ஒருத்தர் மரியாதையாச் சாப்பிடக் கூப்பிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

அது நடிப்பு இல்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு அது தெரியாதா? எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. முதலில் சாண்ட்விச் என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது, பொறாமை. எழுந்தேன். அந்த மனிதரின் பக்கிள் என் மார்புக்கு நேராக இருந்தது.

"மேடம், நானும் உங்களைச் சாப்பிடக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன்."

"நீங்க யாருங்க?"

"ஏ.சி. மெக்கானிக்."

"எங்க சாப்பிட?"

ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. வாயை அடக்கிக்கொண்டேன். "அதே... மேல்மாடிதான்."

"கல்யாணம் ஆனவரா?"

"ஆச்சு. ஆனா இப்ப... கூட இல்ல."

"உங்க வாசல்ல படகு ஏதாவது நிக்குதா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டெஸ்மண்ட் தம்ளர் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்போ வரேன்" என்று எழுந்துகொண்டாள். தொப்பிக்காரர் பெருந்தன்மையாக அவர் டேபிளையே எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஒழிந்துபோகட்டும் என்று நான் நினைத்த ஆள் அவர். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மேல்மாடியில் வெள்ளை மேஜைவிரிப்பு. ஊர் முழுக்க விளக்கு. மெனு அட்டையில் விலை போட்டிருந்த இடத்தை நான் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். ரோண்டா எதையும் மறைக்கவில்லை. சிங்கி இறால் சொன்னாள். ஸ்டேக் சொன்னாள். ஒயின் சொன்னாள். பாட்டிலாகவே சொன்னாள்.

"உங்க மனைவி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். தெரியாதவங்க வேற என்னத்தைப் பேசிக்கிறது?"

கொஞ்சம் ஒயின் உள்ளே போயிருந்தது. "நாய்களுக்கு முடி வெட்டுவா" என்றேன். "வெட்டும்போது மெதுவாப் பாடிக்கிட்டே இருப்பா. எவ்வளவு முரட்டு நாயா இருந்தாலும் அந்தப் பாட்டுல அடங்கிடும். சில நாள் நான் வேலை முடிஞ்சு வந்து, உள்ள போகாம, கடைக்கு வெளிய வண்டியிலேயே உக்காந்து கேப்பேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

அவள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"ஸ்வீட் சொல்லலாமா? ரெண்டு."

மூலையில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஆடியதே கிடையாது. அன்று எழுந்து கையை நீட்டினேன். "ஆடலாமாங்க?" என்றேன். அவள் வந்தாள். இரண்டு தடவை அவள் காலை மிதித்தேன். "பரவால்லைங்க" என்றாள். வீட்டில் மிதித்திருந்தால் வேறு வார்த்தை வந்திருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். பியானோக்காரருக்குப் பத்து டாலர் டிப்ஸ் கூட வைத்தேன். என் கையா வைத்தது என்று நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அவள் அறை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். சாவியைப் போட்டாள். நானும் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப நல்ல சாயங்காலம். உங்க பேர் என்னன்னு சொன்னீங்க?"

"ஹார்லன்."

"அழகான பேரு. என் வீட்டுக்காரருக்கும் அதே பேர்தான். அவருக்குப் பொருந்தலை."

கதவு சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை கணக்கு முடிக்க வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் ரோண்டா. அவளுக்குப் பின்னால் தொப்பிக்காரர். மரிசெல் பில்லை நீட்டினாள். ஸ்டேக் ஹவுஸ் மட்டும் இருநூற்று எழுபது. நானூறு எப்போதோ மூழ்கிவிட்டிருந்தது. படகு கண்முன்னால் ஆடியது. மூளையைக் கசக்கினேன். ஒரு வழி கிடைத்தது! மெல்லப் பின்னால் சாய்ந்தேன்.

"அந்த டின்னர் பந்தயத்துல சேராது" என்று கிசுகிசுத்தேன்.

"ஏன் சேராது?"

"அது நம்ம குடும்பச் செலவு இல்ல. யாரோ ஒரு பொம்பளைக்கு நான் வாங்கிக் குடுத்தது. கடைசி வரைக்கும் யாரோ எவரோன்னு நீதானே சத்தியம் வாங்கினே?"

ஆஹா, என்ன ஒரு வாதம்! வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று தோன்றியது.

ரோண்டா கிசுகிசுக்கவில்லை. நல்ல சத்தமாக, "மரிசெல், இவர் சொல்றதைக் கேட்டியாம்மா?" என்றாள். "இவருக்குப் பொண்டாட்டி இருக்கா. நேத்து இவருக்கு முப்பதாவது கல்யாண நாள். நேத்துப் பாத்து யாரோ ஒரு பொம்பளையைக் கூட்டிக்கிட்டுப் போய் இருநூத்தி எழுபது டாலருக்குச் சாப்பாடு வாங்கிக் குடுத்திருக்காரு."

மரிசெலின் முகத்தில் சிரிப்பு செத்தது. வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டாவது மாடிச் சுருள்முடி அம்மாளும் வரிசையில் இருந்தாள். "கதவைத் தட்டினது இவன்தான்!" என்றாள்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இரண்டு கையும் வேலையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த மாதிரி இருந்தது. "அடப்பாவி! கூட இல்லைன்னு சொன்னியே? இந்த விதவையை ஏமாத்தத்தான் என் டேபிளைப் பிடுங்கினியா?"

பொண்டாட்டி என்று சொன்னால் சலுகை போகும். சொல்லாவிட்டால் பல் போகும். சலுகையைவிட பல் கட்டும் செலவு அதிகம்.

"இவதாங்க என் பொண்டாட்டி!" என்று கத்தினேன். "டிப்டன்! ஒரே வீடு! ஒரே வாசல்! வாசல்ல படகு கூட இருக்கு!"

சூதாட்டப் பெட்டிகள் மட்டும் கிணுகிணுத்தன.

"அப்போ வீட்டுக்காரர் போயிட்டாருன்னு சொன்னீங்களே மேடம்?" என்றாள் மரிசெல்.

"போனாரேம்மா, நாலாவது மாடிக்கு."

மரிசெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தொண்டையைச் செருமினேன். "அப்போ... ரெண்டு சலுகையும் ரத்துதானே?"

"எதுக்கு ரத்தாகணும் சார்?"

"வீட்டுக்கு ஒண்ணுதானே?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதே. கார்டு தனித்தனி, சலுகையும் தனித்தனி. புருஷன் பொண்டாட்டியா இருந்தா எங்களுக்கு என்ன?"

ரோண்டா தன் பில்லை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நீ சொன்ன அன்னிக்கே கார்டு கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ நரியைத்தானே கேட்டே? என்னை எங்க கேட்டே?"

திரும்பும்போது அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். எல்லைப் பலகையைத் தாண்டினோம். அப்புறம் தாங்கவில்லை.

"ஒரு டின்னரும் டான்ஸும்தான் வேணும்னா நேராவே கேட்டிருக்கலாமே ரோண்டா."

"கேட்டேன். பத்தாவது வருஷம் கேட்டேன், கூப்பன் வரட்டும்னே. இருபதாவது வருஷம் கேட்டேன், டயர் மாத்தணும்னே. யாரோ ஒருத்தின்னாத்தான் நீ செய்வேன்னா, நான் யாரோ ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சாலையைப் பார்த்து ஓட்டினேன். ஏ.சி.யைக் கூட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சரியாக இருக்கிறது என்றாள். அவள் கை என் தோள்மேல் இருந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. நீடில்ஸ் ஊரிலிருந்து, ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிற ஒரு பெரியவர். பெயர் கஸ். பந்தயம் பந்தயம்தான், நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ரோண்டா கேட்ட விலையை அவர் அப்படியே, பேரம் பேசாமல் எடுத்து எண்ணியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரோண்டாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"விளம்பரத்துல என்ன போட்டே?"

"'காலமான கணவரின் படகு. விதவை விற்கிறார்.' விதவைகிட்ட யாரும் பேரம் பேச மாட்டாங்க ஹார்லன். நான் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாதா?"

நானே குனிந்து படகை லாரியோடு மாட்டிவிட்டேன். என் கையாலேயே மாட்டினேன். கண் கலங்கியது. கஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரோண்டாவிடம் கேட்டார்.

"இவர் யாரும்மா? இறந்தவரோட தம்பியா?"

"இல்லைங்க" என்றாள் ரோண்டா. "போன வாரம் வேகாஸ்ல பழக்கமானவரு."

கஸ் தொண்டையைக் கனைத்தார். பணத்தை அவள் கையில் வைத்து மூடினார். எனக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார்:

"பாத்து இருங்கம்மா. இந்த மாதிரி ஆளுங்க உங்களுக்காக வர மாட்டானுங்க. உங்க கிரெடிட் கார்டுக்காகத்தான் வருவானுங்க."